எண்ணெய் ஜாடிக் கதையின் இரண்டாம் பாதி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நான் திருடி ஆனேன். அதுவும் குளியலறைக்குள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில்.

குளியலறைக்குள் போனதற்குக் காரணம் என் மகள். நான் ஆங்கிலம் பேசினால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அடக்கத்தான் பார்ப்பாள், பாவம். ஆனால் தோள் குலுங்குவது எனக்குத் தெரியாதா? பதினேழு வயதாகிறது. இங்கேயே பள்ளிக்கூடம் போனவள், அவளுக்கு அந்த பாஷை மூச்சு விடுகிற மாதிரி வருகிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் வகுப்பில் கொடுக்கிற வீட்டுப்பாடத்தை நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துதான் செய்வேன்.

வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒரு வழிபாட்டுக் கூடத்தின் மாடியை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். மடக்கு நாற்காலி, எழுதினால் சரியாக அழியாத வெள்ளைப் பலகை, பன்னிரண்டு பேர். டாக்சி ஓட்டுகிறவர், முடி வெட்டுகிறவர், ஹோட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிற அக்கா தங்கை இரண்டு பேர், இப்படி. ஆளுக்கு ஒரு ஊர், ஆளுக்கு ஒரு சாமி. டீச்சருக்கு என் வயதில் பாதி இருந்தால் அதிகம்.

அந்தப் பெண் பாடப் புத்தகத்தைத் தொடமாட்டாள். மதக் கதைகள்தான். வாரம் ஒரு சின்னக் கதை, அதில் பத்துப் புது வார்த்தை. எந்த மதத்துக் கதை என்பதை முடித்த பிறகுதான் சொல்வாள். "நீங்கள் எல்லாரும் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். பேராசைப்பட்டவன் என்ன ஆவான் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த கதைக்குள் தெரியாத வார்த்தை வந்தால் அது பயமுறுத்தாது" என்பாள். உண்மைதான். இதற்கு முன்பு போன வகுப்பில் விமான நிலையத்தில் பெட்டியைத் தொலைத்த ஒரு ஆளைப் பற்றி ஆறு வாரம் படித்தேன். அவன் பெட்டி கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் எனக்கென்ன? ஒரு வார்த்தை தங்கவில்லை. இங்கே அப்படி இல்லை. துரோகம், வெள்ளம், சத்தியம், கருணை எல்லாம் ஒரே தடவையில் மண்டையில் ஏறிவிட்டது. ஒரே ஒரு சங்கடம், எட்டு மாதத்தில் எனக்குப் பிராயச்சித்தத்துக்கு ஆங்கிலம் தெரிந்துவிட்டது, குழாய் ஒழுகுவதற்குத் தெரியவில்லை.

அவளிடம் இன்னொரு விதியும் உண்டு. கதையைத் திருப்பிச் சொல்லும்போது 'அவன்' என்று சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். தாளைப் பார்த்து ஒப்பிக்க முடியாதாம், யோசித்துத்தான் பேச வேண்டி வருமாம். அதனால் இந்த எட்டு மாதத்தில் நான் ராஜாவாக இருந்திருக்கிறேன், குஷ்டரோகியாக இருந்திருக்கிறேன், ஒரு வாரம் மீனாகக்கூட இருந்தேன். பேசியதை போனில் பதிவு செய்து வகுப்பு குரூப்பில் போட வேண்டும். அது வீட்டுப்பாடம்.

அந்த வாரக் கதை எண்ணெய் ஜாடி. வழிபாட்டு இடத்தில் விளக்கேற்றும் வேலைக்காரன் ஒருவன், அங்கே இருந்த எண்ணெய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் ஒளித்து வைக்கிறான். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த எண்ணெயை ஊற்றினால் அவன் வீட்டு விளக்கு எரியவே மாட்டேன் என்கிறது. கை நடுங்குகிறது, வெட்கம் பிடுங்கித் தின்கிறது, காலையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். எந்த மதம் என்று நானும் சொல்லப்போவதில்லை. எதற்கு வம்பு?

முதல் பாதியைப் பதிவு செய்து வகுப்பு குரூப்பில் சரியாகத்தான் போட்டேன். ஜாடி, எண்ணெய், வேலைக்காரன், ஆசை எல்லாம் அதில் போய்விட்டது. அதற்குள் மகள் கதவைத் தட்டினாள்.

"அம்மா, உள்ள யார்கூட பேசிட்டு இருக்க?"

"கடவுள்கூட. போடி."

மறுபடி உட்கார்ந்து இரண்டாம் பாதியைப் பதிவு செய்தேன். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் இதில் எழுத்துத் தமிழில் போடுகிறேன், என் ஆங்கிலம் இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது. நான் பேசியது இதுதான்:

"நான் அதை எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. வீட்டில் ஒளித்து வைத்தேன். ஆனால் கடவுள் சாட்சி. என் கை நடுங்குகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாளைக் காலையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என்னை மன்னியுங்கள்."

நல்லா வந்திருந்தது. குரலில் ஒரு நடுக்கம் வேறு கொடுத்திருந்தேன், டீச்சருக்கு அது பிடிக்கும். அந்த சந்தோஷத்தில் போனைச் சரியாகப் பார்க்கவில்லை. அனுப்பப் போன அந்த நிமிஷத்தில் என் வேலை இடத்து குரூப்பில் ஒரு செய்தி விழுந்து, அது பட்டியலில் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது. வகுப்பு குரூப் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. என் கட்டைவிரலுக்கு அது தெரியுமா? எப்போதும் அழுத்துகிற இடத்தில் அழுத்திவிட்டது.

மேலே வந்து விழுந்த செய்தி மேனேஜரம்மா போட்டது. 'பன்னிரண்டாம் அறைப் பெரியவரின் மோதிரம் வெள்ளிக்கிழமையிலிருந்து காணவில்லை. யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.' அதற்கு நேர் கீழே, என் குரல்.

ஒரு மணி நேரம் கழித்து மகள்தான் கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள் என் போனை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, இத யாருக்கு அனுப்பின?"

"கிளாசுக்கு."

"இல்லம்மா. வேலைக்கு. இருபத்தாறு பேர் கேட்டுட்டாங்க."

போனைப் பிடுங்கி அழித்துவிட்டேன். "ஐயோ, அழிக்காதம்மா!" என்று அவள் கத்துவதற்குள் அழித்தாயிற்று. இப்போது அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது. திருடிவிட்டு, சொல்லிவிட்டு, பயந்து மறைத்தவள் மாதிரி அச்சு அசலாக இருந்தது.

"நான் எழுதித் தரேன், 'அது ஹோம்வொர்க்'னு போட்டுடலாம்" என்றாள் மகள். எழுதினாள். படித்துப் பார்த்தோம். யாராவது நம்புவார்களா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. "நேர்ல சொல்லிக்கிறேன்" என்றேன். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுத்தமாக இருந்த அடுப்பை இரண்டு தடவை துடைத்தேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று சொல்ல வேண்டும். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில், சலவை அறையில். பதினோரு வருஷம். அழுக்குத் துணி வண்டி வந்ததும் ஒவ்வொரு சட்டைப் பையாகத் துழாவிப் பார்ப்பது என் வேலை. பல்செட் வரும், கண்ணாடி வரும், பாதி கடித்த பிஸ்கட் வரும். எடுத்ததை அறை எண் எழுதி நீலத் தட்டில் போட வேண்டும். பிறகு மெஷின். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஐந்து மெஷினும் ஒன்றாக ஓடினால் நம் குரலே நமக்குக் கேட்காது. மேலே அறை உதவியாளர் வேலை ஒன்று காலியாகி இருந்தது. பெரியவர்களுக்குத் தலை சீவிவிடுவது, நடக்க வைப்பது, பேச்சுத் துணையாக இருப்பது. வியாழக்கிழமை அதற்கு நேர்காணல், ஆங்கிலத்தில், மேனேஜரம்மாவே எடுப்பார். நான் எட்டு மாதமாக மீனாகவும் ராஜாவாகவும் ஆனது எல்லாம் அந்த ஒரு வியாழக்கிழமைக்காகத்தான். அடுத்த வருஷம் மகள் படிக்க வெளியூர் போய்விடுவாள். வீட்டிலும் பேச ஆளில்லை, வேலையிலும் பேச ஆளில்லை என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்த பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தேன். யாரும் முறைக்கவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. வரவேற்பில் இருக்கிற பெண் எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள். "தைரியமான காரியம் செய்தீர்கள்" என்றாள். மாடி நர்ஸ் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

மோதிரம் நீலத் தட்டில் இருந்ததாம். காகிதக் கைக்குட்டையில் சுற்றி, அறை எண் இல்லாமல். ஆறரை மணிக்கே யாரோ வைத்திருக்கிறார்கள்.

'நாளைக் காலையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்' என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? கொடுத்துவிட்டேனாம்.

மேனேஜரம்மா நல்லவர். கெட்டவர்களிடம் எனக்குப் பயமில்லை, ஒரு கத்து கத்திவிட்டு வந்துவிடலாம். நல்லவர்கள் முன்னால்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது. என்னை உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, மெதுவாகப் பேசினார். "எல்லாருக்கும் பலவீனமான நேரம் வரும். எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள மனபலம் வேண்டும். போலீஸ் எல்லாம் வேண்டாம். பெரியவரும் மறந்துவிட்டார். நான் உங்களை மன்னித்துவிட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் வியாழக்கிழமை நேர்காணல் இந்த வருஷம் வேண்டாம். அது அறைகளுக்குள் போகிற வேலை, உங்களுக்கே புரியும்" என்றார்.

வாயைத் திறந்தேன். கதை, வீட்டுப்பாடம், தவறுதலாக, வேறு குரூப். எல்லாம் தொண்டை வரை வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கனிவாகத் தலையை ஆட்டினார். நான் சொன்னேன்: "நன்றி."

நன்றி! செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்த ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன். படியிறங்கும்போது என்னை நானே இரண்டு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

சலவை அறையில் என்னோடு இன்னொருத்தி உண்டு. இஸ்திரி போடுகிறவள். என் வயதுதான். அவள் ஊர் வேறு, சாமி வேறு, பாஷை சுத்தமாக வேறு. நான்கு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம், இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கிற ஆங்கிலத்தை ஒரு டீ கப்பில் ஊற்றினால் பாதிகூட நிறையாது. அவள் என்னை 'சிஸ்டர்' என்பாள். நானும் அவளை 'சிஸ்டர்' என்பேன். மற்றதெல்லாம் கைஜாடை.

அன்றைக்கு அவள் நடந்துகொண்டது ஒரு மாதிரியாக இருந்தது. என் பங்கு வண்டியையும் அவளே இழுத்து வந்தாள். என் மேசையில் டீ வைத்தாள். நான் பார்க்காதபோது என்னைப் பார்த்தாள், பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டாள். இடது கையில் மட்டும் ரப்பர் உறை மாட்டியிருந்தாள். உறை மாட்டிக்கொண்டு யாராவது இஸ்திரி போடுவார்களா?

வெள்ளிக்கிழமை இரண்டு வண்டி ஒன்றாக வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்றை நான் துழாவினேன். இன்னொன்றை அவள்.

எனக்கு வந்த கோபத்தில் ஐந்து மெஷினையும் நிறுத்தினேன். அறை திடீரென்று அமைதியாகிவிட்டது. நேராகப் போய் அவள் கையைப் பிடித்து உறையை இழுத்தேன். மோதிர விரலில் துணி சுற்றியிருந்தது. அதையும் பிரித்தேன். விரல் கணுவுக்குக் கீழே தோல் வட்டமாக உரிந்து, சிவந்து, விரல் வீங்கிப் போயிருந்தது.

"நீதானாடி?" என்றேன், தமிழில். பிறகு நிறுத்தவில்லை. "பாவி, உனக்கு என்னடி நான் கெடுதல் பண்ணேன்? பதினோரு வருஷம் ஒரு பித்தான் திருடினதில்ல நான். எட்டு மாசமா குளியலறைல உக்காந்து படிச்சேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல மண்ணாக்கிட்டியே. இப்ப நான் திருடி, நீ யோக்கியமா?" அவளும் சும்மா இருக்கவில்லை. அவள் பாஷையில், அழுதுகொண்டே, என்னைவிட வேகமாக. நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, வாசலில் வந்து எட்டிப் பார்த்த தோட்டக்காரர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மூச்சு வாங்கி இரண்டு பேரும் நின்றோம். அப்புறம் அவள் நடித்துக் காட்டினாள்.

சட்டையை எடுத்தாள். பையில் கை விட்டாள். எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. விரலில் போட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், சும்மா, அழகு பார்க்க. அதற்குள் ஆவி இஸ்திரி, சூடு, விரல் வீங்கிவிட்டது. இழுத்தாள், இழுத்தாள், வரவில்லை. உறையை மாட்டிக்கொண்டாள். மாடியைக் காட்டினாள், மேனேஜர் அறையை. வாயைக் காட்டினாள். இரண்டு கையையும் விரித்தாள்: போய்ச் சொல்ல வார்த்தை இல்லை.

பிறகு காதில் போன் வைத்துக் கேட்பது போலக் காட்டினாள். "சன்" என்றாள். அவள் மகன் என் பதிவைக் கேட்டு அவள் பாஷையில் சொல்லியிருக்கிறான். அவள் என் நெஞ்சைத் தொட்டாள், தன் தலையிலிருந்து ஒரு சுமையை எடுத்து என் தலையில் வைத்துக் காட்டினாள். அப்புறம் சோப்பு, எண்ணெய், ஐஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க விரலோடு போராடியிருக்கிறாள், காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று. நான்தான் கெடு வைத்துவிட்டேனே!

கடைசியில் குனிந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் கணக்கில் நான் மகான். இவளைப் பார்த்துவிட்டு, இவளுக்காகப் பழியை என் தலையில் போட்டுக்கொண்ட புண்ணியவதி. "ஐயோ, நான் மகானும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தப்பா அனுப்பிட்டேன்டி!" என்றேன். அவள் இன்னும் பக்தியாகப் பார்த்தாள். என்ன செய்வது, ஆளைப் பார்த்தால் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

சாயங்காலம் வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வந்து பேசறேன்மா. ரெண்டு நிமிஷம். ஹோம்வொர்க் தாள காட்டுவேன், முடிஞ்சுது."

"நீ வந்து பேசினா, எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் வியாழக்கிழமை எங்க?"

"சரி, நீயே தாளக் காட்டு."

"காட்டினா, அப்ப யாரு மோதிரத்த வெச்சதுன்னு கேப்பாங்க. சலவை ரூம்ல நாங்க ரெண்டே பேரு."

மகள் என் தட்டில் சோறு வைத்தாள். "அப்போ பேசாம இருந்துடேன். வேலை போகலியே. அவங்களும் தப்பிச்சுக்குவாங்க" என்றாள்.

அதைத்தான் நானும் மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கதைகளில் வருகிறவர்கள் இந்த இடத்தில் அடுத்தவர் பழியைச் சுமந்துகொண்டு சிரித்த முகத்தோடு நடந்து போவார்கள். டீச்சர் அதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் எனக்கு அப்படி நடந்து போக முடியாது. தினமும் அந்தப் படியேறும்போது தோளைத் தட்டுவார்கள், திருந்திய திருடி என்று. என்னால் அதைத் தாங்க முடியாது. நல்லவள் என்று பெயர் வேண்டாம், செய்யாததைச் செய்தாள் என்று சொல்லாமல் இருந்தால் போதும். இதை நினைத்து நினைத்து, சோறு வைத்த தட்டு அப்படியே காய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, தாளை மடித்துக்கொண்டு போனேன். இஸ்திரிக்காரியிடம் தாளைக் காட்டி, மாடியைக் காட்டி, என்னைக் காட்டி, பிறகு அவளையும் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். நான் கெஞ்சவில்லை, இழுக்கவுமில்லை. "நான் போறேன். நீ வந்தா வா" என்று சொல்லிவிட்டு நின்றேன். கால் மட்டும் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சட்டையை முடித்தாள். காலரைத் திருப்பி இன்னொரு தடவை தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். எனக்கு முன்னால் அவள்தான் படியேறினாள்.

மேனேஜரம்மா எங்கள் இருவரையும் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நன்றி சொல்லிவிடுவேன் என்று பயம்.

"நான் திருடவில்லை" என்றேன். "அது பாடம். இது தாள். பத்து வார்த்தை. முதல் பாதி வேறு இடத்துக்குப் போனது. இரண்டாம் பாதி தவறாக இங்கே வந்தது." போனில் முதல் பாதியைப் போட்டுக் காட்டினேன். என் குரல் அந்த அறையில் எண்ணெய் ஜாடியைப் பற்றிச் சொன்னது. மேனேஜரம்மா விரலால் தாளில் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக்கொண்டே கேட்டார். சாட்சி, நடுக்கம், வெட்கம் மூன்றும் கடைசி வரிசையில் இருந்தன.

"அப்படியானால் மோதிரத்தைத் தட்டில் வைத்தது யார்?"

சொன்னேன். பை, சட்டை, விரல், வீக்கம், சோப்பு. வீக்கத்துக்கு வார்த்தை தெரியாமல் 'விரல் பெரியதாகிவிட்டது' என்றேன். உரிந்ததற்கு 'தோல் போய்விட்டது' என்றேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் மிக நன்றாகக் கதை சொல்கிறீர்கள்" என்றார்.

நம்பவில்லை என்று அர்த்தம். இஸ்திரிக்காரியின் கையைப் பிடித்து, துணியைப் பிரித்து, அந்த விரலை மேசை மேல் வைத்தேன். இரண்டு நாளில் அது ஆறவில்லை, ஓரமெல்லாம் கருத்துப்போய் இன்னும் மோசமாகியிருந்தது. மேனேஜரம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவளுக்குக் கேள்வி புரிந்திருக்க வேண்டும். பேச ஆரம்பித்தாள். அவள் பாஷையில், முதலில் மெதுவாக, அப்புறம் அணை உடைந்த மாதிரி. நெஞ்சில் தட்டிக்கொண்டாள், கதவைக் காட்டினாள், தொண்டையைப் பிடித்துக்கொண்டாள், அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். இரண்டு நிமிஷம் இருக்கும். முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜரம்மா என்னைப் பார்த்துத் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு வருஷமாக இந்த அம்மா நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே பாஷை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கீழே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து வந்து இறங்கியவர்கள் என்று நினைப்பு. அவள் பேசியதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மொழிபெயர்த்தேன்.

"அவள் சொல்கிறாள்: எனக்கு இந்த அறை பயம். கதவு வரைக்கும் வார்த்தைகள் என்னோடு வருகின்றன. உள்ளே வந்ததும் என்னை விட்டு ஓடிவிடுகின்றன. நான் முட்டாள் இல்லை. என் பாஷையில் நான் சண்டை போடுவேன், கேலி செய்வேன், பத்துப் பேரைச் சிரிக்க வைப்பேன். இங்கே என்னிடம் மூன்றே வார்த்தை. ஆமாம், மன்னிக்கவும், நன்றி. தப்பு செய்தாலும் மன்னிக்கவும். செய்யாவிட்டாலும் மன்னிக்கவும். நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதும் இல்லை. நேற்று நீங்கள் என்னை மன்னித்தபோது நான் நன்றி சொன்னேன். வேறு வார்த்தை வராததால்தான் சொன்னேன். வீட்டுக்குப் போனேன். சாப்பிட முடியவில்லை."

நேற்று என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. நேற்று இந்த அறையில் அவள் இல்லை. திருப்பி எடுக்க முடியுமா?

மேனேஜரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை அவள் சொன்னாளா?"

"ஆமாம்" என்றேன். "எல்லாம் அவள் சொன்னதுதான்."

பக்கத்தில் இஸ்திரிக்காரி, ஒன்றும் புரியாமல், பலமாகத் தலையை ஆட்டினாள்.

மேனேஜரம்மா போனை எடுத்து நர்ஸை வரச் சொன்னார், விரலுக்கு மருந்து போட. இஸ்திரிக்காரியின் வேலைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இனி கையில் எது மாட்டினாலும் உடனே வந்து காட்ட வேண்டும், பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றார். குரூப்பில் தானே ஒரு செய்தி போடுவதாகச் சொன்னார். வியாழக்கிழமை பதினோரு மணி, மாற்றம் இல்லை என்றார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மன்னிக்கவும்" என்றார் என்னிடம். "நேற்றே நான் கேட்டிருக்க வேண்டும்."

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. அதிலும் மன்னிப்பதற்கு மட்டும் ஐந்தாறு விதம் தெரியும், ஐந்தாறு மதத்திலிருந்து. ஒன்றையும் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்குப் போதும் என்று தோன்றுகிற வரைக்கும்.